ஆளுக்கு ஆள், வைக்கோலுக்குக் குப்பை: மதுரை வட்டாரத்தில் ரொக்கம் இல்லாமல் கொடுத்து வாங்கும் முறை

ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாற்றுப் பறித்து நட்டு முடிக்க 12 முதல் 16 ஆள் வேண்டும். முதல் களைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு. இந்தக் கூலியை எண்ணிக் கொடுக்க வேண்டிய வாரத்தில்தான் விவசாயி கையில் காசு இருக்காது. போன போகத்துப் பணம் கரைந்திருக்கும், நகை அடகுக்குப் போயிருக்கும். கூலி மிச்சமாவதைவிட, அந்த வாரத்தில் வட்டிக்கு வாங்காமல் தப்பிப்பதே மாற்று முறையின் பெரிய லாபம்.

மாத்தாள் வைத்து, அதாவது ஒருவர் வயலில் இன்னொருவர் செய்த வேலைக்குக் கூலிக்குப் பதில் வேலையையே திருப்பிக் கொடுத்து, வேலை முடிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் இன்று பல ஊர்களில் அது பாதியில் முறிந்துபோகிறது. மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று சொல்லுவார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. அளவும் தேதியும் பேசாமல் ஆரம்பிப்பதுதான்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

ஒரே சோதனை போதும். நீங்கள் வாங்கும் பொருளுக்கு வேறு வழியில் ரொக்கம் கொடுத்திருப்பீர்களா? நீங்கள் கொடுக்கும் பொருள் உங்களிடம் மிச்சமாக இருக்கிறதா, அல்லது விற்கச் சிரமமானதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மாற்றுங்கள். சொந்த உழைப்பு, வைக்கோல், மாட்டுக்குப்பை, வாழைக்கன்று, விதை, சும்மா நிற்கும் டிராக்டரின் நேரம் எல்லாம் இதில் சேரும்.

மல்லிகை சேராது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அன்றன்றைக்கே காசாகிற சரக்கு அது. பறிப்பும் விடியலிலேயே முடிய வேண்டும், தினமும் வேண்டும். இன்று நீ வா, அடுத்த மாதம் நான் வருகிறேன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாலும் அப்படித்தான், சொசைட்டி காசு கொடுக்கிற பொருளை மாற்றில் கொடுப்பவர் நஷ்டப்படுவார்.

நிலமில்லாத கூலி ஆட்களை இந்தக் கணக்கில் இழுக்கக் கூடாது. அவர்களுக்குத் திருப்பி வேலை செய்து கொடுக்க வயல் இல்லை, வேண்டியது அன்றைய கூலி. மாற்று என்பது நிலம் வைத்திருப்பவர்களுக்குள், குத்தகைக்கு உழுபவர்களுக்குள் நடப்பது.

யாரோடு சேருவது: தண்ணீர் திறக்கும் நாளைப் பாருங்கள்

பக்கத்து வயல்காரர்தான் நல்ல கூட்டாளி என்று தோன்றும். ஆட்களை மாற்றிக்கொள்ள அவர் சரி, ஆனால் மூன்று நான்கு நாள் இடைவெளியில் நாற்று விட்டிருக்க வேண்டும். ஒரே நாளில் இருவரும் நாற்றங்கால் போட்டால், இருபத்தைந்தாம் நாள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படும். அந்த மாற்று அன்றைக்கே செத்துப்போகும். மூன்று நான்கு குடும்பங்கள் கூடினால் முதலில் பேச வேண்டியது விதை நனைக்கும் தேதியை: முதல் குடும்பம் ஒன்றாம் தேதி, அடுத்தது நான்காம் தேதி, மூன்றாவது ஏழாம் தேதி என்று.

குப்பை, வைக்கோல், உழவு போன்றவற்றுக்கும், பஸ் செலவு கட்டுப்படியானால் ஆளுக்கும், தூரத்துக் கூட்டாளியே மேல். பெரியாறு பாசனத்தில் வைகை ஆற்றின் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் சேர்த்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். வைகை அணையில் தண்ணீர் இருந்தால் மேல்பகுதிக்கு ஜூன் வாக்கிலும், கீழ்ப்பகுதிக்குச் செப்டம்பர் வாக்கிலும் திறப்பார்கள். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் முதல் போகம் அறுக்கிற சமயத்தில் மேலூரில் நடவு ஓடிக்கொண்டிருக்கும். அறுப்பை இயந்திரம் முடித்துவிடுவதால் மேல்பகுதிக் குடும்பத்துக்குக் கை ஓய்வு; கீழ்ப்பகுதிக்கு ஆள் பஞ்சம். இந்த இடைவெளியைத்தான் பிடிக்க வேண்டும்.

டி.கல்லுப்பட்டி, பேரையூர், கள்ளிக்குடி கரிசலில் கணக்கு வேறு. புரட்டாசி ஐப்பசி மழைக்கு விதைத்து, மக்காச்சோளம், குதிரைவாலி, பருத்தி என்று தை மாசிக்கு மேல் வேலை குவியும். கோடையில் அங்கே டிராக்டர்கள் சும்மா நிற்கும்.

நடவுக்குக் காலண்டர் தேதி போட்டு ஒப்பந்தம் பேசாதீர்கள். "செப்டம்பர் 20 நடவு" என்று பேசிவைத்துத் தண்ணீர் அக்டோபருக்குத் தள்ளிப்போனால், வராதவர்மேல் குற்றம் விழும். "மடையில் தண்ணீர் வந்த 30 நாளுக்குள்" என்று பேசுங்கள். நூறு நாள் வேலை நடக்கிற வாரத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரம் வீட்டுப் பெண்கள் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு: ஒரு ஆள்

பொருளுக்குப் பொருள் நேராக ஒப்பிட்டால் வாக்குவாதம் ஓயாது. எல்லாவற்றையும் ஒரு ஆள் கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு ஆள் என்றால் காலை 8 முதல் மதியம் 1 வரை ஒருவர் பார்க்கும் வயல் வேலை. மதியத்துக்கு மேலும் வேலை நீண்டால் அரை ஆள் கூடுதல். உங்கள் ஊரில் வேலை நேரம் வேறென்றால் அதையே வையுங்கள், ஆனால் எழுதி வையுங்கள்.

பருவத் தொடக்கத்தில் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து விலை பேச வேண்டும். ஊர்க் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டாவேட்டர் உழவு ஒரு மணி நேரம் 1,200 என்றால் 3 ஆள். ஒரு டிராக்டர் குப்பை 3,200 என்றால் 8 ஆள். வைக்கோல் கட்டு 120 என்றால் 10 கட்டுக்கு 3 ஆள். அந்தப் பருவம் முடியும்வரை இந்த விலை மாறக் கூடாது. நடுவில் வைக்கோல் விலை ஏறினால் கொடுப்பவர் முணுமுணுப்பார். அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம்.

காய்கறி, தேங்காய், வாழைக்குப் பொது விலை வேண்டுமானால் உழவர் சந்தை விலைப்பலகையைப் பாருங்கள். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது மதுரை அண்ணா நகரில்தான். அந்தப் பலகை விலையில் யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. உழவு இயந்திரத்துக்கு வேளாண் பொறியியல் துறையின் வாடகையை அடித்தளமாக வைத்துக்கொண்டு, தூரத்துக்கு ஏற்றிப் பேசலாம்.

பெண்ணுக்கு அரை ஆள், ஆணுக்கு ஒரு ஆள் என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நடவும் களையும் முழுக்கப் பெண்கள் கையில். அவர்களை அரை ஆளாக எழுதினால், இரண்டு பெண்களை நடவுக்கு அனுப்பிய வீட்டுக்கு வரப்பு வெட்ட ஒரே ஒரு ஆண்தான் திரும்பி வருவார். இரண்டாம் பருவத்தில் அந்த வீடு விலகிவிடும். வரப்பு வெட்டு, மருந்தடிப்பு போல ஊரில் கூலி கூடின வேலைக்கு, யார் செய்தாலும் ஒன்றரை ஆள் என்று வேலைக்கு விலை வையுங்கள்.

படி, மரக்கால், மூட்டை என்று எழுதாதீர்கள். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. வியாபாரி மூட்டை 60 கிலோவையும் தாண்டும். கிலோ மட்டும்தான் சண்டை மூட்டாது.

நோட்டு

40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். தேதி, என்ன வேலை அல்லது பொருள், எத்தனை ஆள், கொடுத்தது, வாங்கியது, மீதி. வேலை முடிந்த அன்று மாலையே எழுதி, வாங்கியவர் கையெழுத்து. பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டால் நோட்டு தொலைந்தாலும் கணக்கு இருக்கும்.

கணக்கு ஓடும் விதத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்கு 2 ஏக்கர் இருபோகம், மாடு இல்லை. மேலூர்ப் பக்கம் இன்னொரு வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் ஒருபோகம், ஆறு மாடு. ஜூனில் மேலூர் வீட்டிலிருந்து மூவர் நான்கு நாள் நடவுக்குப் போனார்கள்: 12 ஆள். இரண்டு டிராக்டர் குப்பையும் கொடுத்தார்கள்: 16 ஆள். வாடிப்பட்டி வீட்டின் கடன் 28. அறுப்பு முடிந்து 40 கட்டு வைக்கோல் கொடுத்தார்கள்: 12 கழிந்தது. மேலூர் நடவுக்கு மூவர் நான்கு நாள் வந்தார்கள்: இன்னும் 12. மீதி 4 ஆள், அதாவது 1,600 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தாலும் சரி, களைக்கு வந்தாலும் சரி. 28 ஆளுக்கு, 11,200 ரூபாய்க்கு நடந்த கொடுக்கல் வாங்கலில் கையை விட்டுப் போவது அதிகபட்சம் 1,600.

பஸ் கட்டணத்தை மறக்காதீர்கள். போக வர ஆளுக்கு 60 ரூபாய்க்கு மேல் ஆனால், அந்தத் தூரத்துக்கு ஆள் மாற்றம் வேண்டாம், பொருள் மாற்றம் மட்டும் போதும்.

ஆள் மாற்றத்தில் உடைகிற இடங்கள்

சொந்தக்காரர்களுக்குள்தான் இது அதிகம் முறிகிறது. பங்காளி, மாமன் மச்சானுக்குள் கணக்கு எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று எழுதாமல் விடுவார்கள். இரண்டு பருவம் போனதும் இருவருமே தான்தான் அதிகம் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு எழுதாவிட்டாலும் சொந்தக்காரருக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

நடவுக்கு வந்த கடனை நடவிலேயே திருப்ப வேண்டும் என்று பேசிக்கொள்வது நல்லது. ஆள் கிடைக்காத வாரத்தில் வாங்கிய வேலையை, எல்லோரும் சும்மா இருக்கும் சித்திரையில் திருப்பிக் கொடுத்தால் அது சமமல்ல. வேறு வழியில்லாமல் பொருளாகவோ, ஓய்வுக்கால வேலையாகவோ திருப்புகிறவர் நாலுக்கு ஐந்தாகக் கொடுக்கட்டும் என்று முன்பே எழுதலாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இரு வீட்டு நடவும் நேர்செய்யப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

தனக்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் பையனையோ வயதானவரையோ அனுப்புவது அடுத்த தலைவலி. வரும் ஆள் அந்த வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும், முடியாவிட்டால் கூலி ஆளை வைத்து அனுப்ப வேண்டும். அப்புறம் சாப்பாடு. ஒரு வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும், இன்னொரு வீட்டில் வெறும் டீ என்றால் போட்டி வந்துவிடும், மிச்சப்பட்ட கூலியைச் சமையல் தின்றுவிடும். 11 மணிக்கு டீ, வடை மட்டும் என்று ஒரே சட்டமாக வையுங்கள்.

குழுவுக்கு நான்கு முதல் ஆறு வீடு போதும். அதற்கு மேல் போனால் கடைசி வீட்டு நாற்று முற்றிவிடும். நெல் நாற்று 30 நாளைத் தாண்டினால் குறுகிய கால ரகங்களில் தூர் குறையும். வரிசையில் கடைசியாக நிற்பவருக்கே இழப்பு என்பதால், அடுத்த பருவத்தில் அவரை முதலில் வையுங்கள்.

வைக்கோலும் குப்பையும்

இயந்திரம் அறுத்த வயலில் வைக்கோலைக் கட்டுக் கட்டும் இயந்திரம் உருட்டினால் ஏக்கருக்கு 30 முதல் 40 கட்டு கிடைக்கும். ஒரு கட்டு 12 முதல் 18 கிலோ வரை வேறுபடும். எண்ணிக்கையை நம்பாமல் குத்துமதிப்பாக ஐந்து கட்டை எடுத்து நிறுத்துச் சராசரி எடுங்கள். கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஈரத்தோடு கட்டியிருக்கிறார்கள், ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். மருந்தடித்த நாளையும் கேளுங்கள். அறுப்புக்கு நெருக்கத்தில் பூச்சிமருந்து விழுந்த வைக்கோலை மாட்டுக்கு வாங்காதீர்கள், செடியடி மண்ணை மூடும் மூடாக்குக்கு வாங்கலாம்.

குப்பையை எடைபோட்டு வாங்கினால் தண்ணீருக்கு விலை கொடுப்பீர்கள். கன அடியில் பேசுங்கள். டிரெய்லரின் நீளம், அகலம், குப்பை நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கினால் போதும்: 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 120 கன அடி. ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சொட்டினால் பச்சைச் சாணம். கையைத் திறந்ததும் உதிர்ந்து, மண்வாசனை வந்தால் மக்கியது. ஏக்கருக்கு 5 டன் போட வேண்டும் என்பது பரிந்துரை. முழுதும் மாற்றில் கிடைக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு துண்டு வயலாகச் சுற்றி வரலாம்.

தென்னந்தோப்புக்காரர்கள் வாங்கும்போது குப்பையைக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக, தடித்து, வளைந்து கிடக்கும் புழு காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். குப்பைக்குழிதான் அதன் பிறப்பிடம். பொறுக்கி அழிக்காமல் தோப்புக்குள் கொட்டினால் குருத்தைத் தின்னும் வண்டை நாமே வளர்த்ததாகும்.

கிடை

கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வருவார்கள். ரொக்கத்துக்குப் பதிலாக நெல், அறுத்த தாளில் மேய்ச்சல், கிணற்றுத் தண்ணீர் கொடுத்துக் கிடை போடலாம், அதாவது புழுக்கையும் மூத்திரமும் உரமாக விழ ஆடுகளை இரவில் வயலிலேயே அடைக்கலாம். 300 ஆடு ஓர் இரவில் 300 முதல் 400 சதுர மீட்டரை நிரப்பும். ஏக்கர் ஏறத்தாழ 4,050 சதுர மீட்டர். ஆக பட்டியைத் தினமும் நகர்த்தினால் 10 முதல் 14 இரவில் ஒரு ஏக்கர் முடியும். கணக்குப் பேசும்போது எத்தனை இரவு, எத்தனை பெரிய ஆடு என்று பேசுங்கள். குட்டிகளைத் தனியாக எண்ண வேண்டும்.

கிடை எடுத்த இடத்தை இரண்டு மூன்று நாளில் மேலோட்டமாக உழுதுவிடுங்கள். மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து வெயிலில் ஆவியாகிவிடும். பாதிப் பலன் அதில்தான். இன்னொன்று, சீமைக்கருவேல் நெற்று தின்ற ஆடுகளின் புழுக்கையில் விதை உயிரோடு வரும். முதல் மழைக்கு முளைப்பதை அப்போதே பிடுங்கினால் விரலோடு வரும், விட்டால் ஜேசிபி தேவைப்படும்.

கீதாரிக்கும் உங்கள் பக்கம் ஆபத்து உண்டு. சோளம் அறுத்த தாளில் மழைக்குப் பின் துளிர்த்த இளங்குருத்தில் சயனைடு நஞ்சு இருக்கும். தின்ற ஆடு அரை மணியில் விழுந்துவிடும். அந்த வயலை முன்பே காட்டிச் சொல்லுங்கள். ஆடு செத்தால் மாற்றுக் கணக்கு எதுவும் நிற்காது.

விதை

வீரிய ஒட்டு ரகங்களை மாற்றாதீர்கள். கம்பெனி மக்காச்சோளம், பருத்தி, கலப்பினக் காய்கறி எல்லாம் அடுத்த தலைமுறையில் பிரிந்து, ஒரு செடிபோல் இன்னொன்று இருக்காது. நெல், உளுந்து, எள், குதிரைவாலி, நாட்டுக் காய்கறி இவற்றை மாற்றலாம். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001 விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் அச்சடித்த பையில் போட்டு விற்கத்தான் கூடாது.

வாங்குவதற்கு முன் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வையுங்கள். உளுந்துக்கு 7 நாள், நெல்லுக்கு 14 நாள். நெல்லில் 80, உளுந்தில் 75 முளைத்தால் சான்று விதைக்குச் சமம். புதிதாக அறுத்த நெல் குறைவாக முளைத்தால் உடனே ஒதுக்க வேண்டாம். சில ரகங்களுக்கு உறக்கக் காலம் இருக்கும், சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

நெல் விதையை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் நீக்குங்கள்: 10 லிட்டருக்கு ஒன்றரை கிலோ கல்லுப்பு. நல்ல முட்டை மேலே மிதந்தால் கரைசல் சரி. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். மிதந்தது எவ்வளவு என்று பார்த்து, மூழ்கியதை மட்டும் கணக்கில் வையுங்கள். திருப்பிக் கொடுப்பது அறுப்பில் ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ. நெல் 13 சதவீத ஈரத்துக்குக் கீழே காய்ந்திருக்க வேண்டும்.

வாழைக்கன்று என்றால் தாய்மரத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடித்தண்டை வெட்டினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் வாடல் நோய், கிழங்கில் துளையிருந்தால் வண்டு. இலவசமாக வந்த நூறு கன்று ஒரு தோட்டத்தையே பாழாக்கும்.

தண்ணீரும் இயந்திரமும்

கிணற்றுத் தண்ணீரை மணிக்கணக்கில் பேசினால் கோடையில் தகராறு நிச்சயம், ஊற்று குறைந்து ஓட்டம் பாதியாகிவிடும். 200 லிட்டர் டிரம் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நிற்க ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும், ஆக 11 மணி நேரம். மாதம் ஒருமுறை டிரம்மை மறுபடி வையுங்கள். விவசாய மின் இணைப்பு குறிப்பிட்ட சர்வே எண்ணுக்குக் கொடுக்கப்படுவது. அடுத்த நிலத்துக்கு விடுமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

டிராக்டர் கொடுப்பவர் டிரைவரோடு கொடுக்க வேண்டும். டீசல் செலவு உழவு வாங்குபவருடையது, தேய்மானம் டிராக்டர் கொடுப்பவருடையது. கல்லில் மாட்டிக் கத்தி உடைந்தால் பாதிப் பாதி. கண்மாய் வண்டல் அடிக்க டிராக்டரை மாற்றில் எடுத்தால், அனுமதி ஒவ்வொருவர் பெயரிலும் இருக்க வேண்டும். தாசில்தார் அனுமதியில் ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர்தான். உங்கள் அனுமதியில் எடுத்த மண்ணை மாற்றுப் பொருளாகக் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்துத் தெளிப்பானை மட்டும் நெல்காரரும் பருத்திக்காரரும் மாற்றிக்கொள்ளவே கூடாது. நெல்லில் 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்க்கைக் கழுவினாலும் ஓஸ், நாசிலில் தங்கும் மிச்சமே பருத்தி இலையைக் கோணலாக்கப் போதும்.

கணக்கு முடிக்கும் நாள்

வருடத்துக்கு இரண்டு நாள் வையுங்கள். தைப்பொங்கல் கழிந்த வாரம் ஒன்று, ஆடிக்கு முன் ஒன்று. ஐந்து ஆளுக்குக் குறைந்த மீதியை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் அன்றைய கூலி விலையில் ரொக்கமாகத் தீர்க்க வேண்டும், வட்டி கிடையாது. ஒரு வீட்டின் கடன் எப்போதும் 30 ஆளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு யாராவது விலகினால், அவர் பக்கத்து மீதியைப் புதிய குத்தகைக்காரர் தலையில் கட்டாதீர்கள். பழையவரோடு பக்கத்தை மூடிவிட்டு, புதியவருக்குப் புதுப் பக்கம் போடுங்கள்.